உறங்குகிறாள், இறக்கவில்லை: டியூடர் காலத்து இளம்பெண்ணின் நினைவுச்சின்னத்தைப் படிப்பது எப்படி?

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், புனித எட்மண்ட் சிற்றாலயத்தில் ஒரு பெண் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருக்கிறாள். அலபாஸ்டர் கல்லில் செய்த சிலை. பாதத்தின் கீழ் ஒரு மண்டையோடு. சுட்டுவிரல் கீழ்நோக்கி நீண்டிருக்கிறது. இந்தச் சிலைக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது: தையல் வேலை செய்யும்போது விரலில் ஊசி குத்தி இறந்துபோன பெண் என்று. 1712இல் வெளிவந்த ‘ஸ்பெக்டேட்டர்’ இதழிலேயே இந்தக் கதை வருகிறது. அபேயைச் சுற்றிக் காட்டுபவர் சொல்ல, பார்க்க வந்த கிராமத்துப் பிரபு அந்த விரலையே சிறிது நேரம் உற்றுப் பார்க்கிறார்.

அந்தப் பெண் எலிசபெத் ரஸ்ஸல். ஊசிக்கதைக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் கல்லைப் பார்த்துவிட்டுக் கதையைக் கேட்பதற்குப் பதிலாக, கதையைக் கேட்டுவிட்டுக் கல்லைப் பார்த்தால் அந்த விரலில் ஊசிதான் தெரியும். எனவே இந்த வழிகாட்டியில் முதலில் கல், அப்புறம் எழுத்து, அப்புறம் ஆவணம், கடைசியாகத்தான் கதை.

இங்கிலாந்தின் கிராமத் தேவாலயங்களில் 1485 முதல் 1603 வரை டியூடர் அரச குடும்பம் ஆண்ட காலத்து நினைவுச்சின்னங்கள் ஏராளமாக மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் இளவயதில் இறந்த, ஓரளவு வசதியான குடும்பத்துப் பெண்களுக்கு வைத்தவை தனி ரகம். அவற்றைப் படிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

படி 1: எங்கே தேடுவது, எதை எடுத்துக்கொண்டு போவது

பெரும்பாலும் பலிபீடத்தை ஒட்டிய பகுதி, அல்லது அந்த ஊர்ப் பெரிய குடும்பத்துக்கு உரிய பக்கச் சிற்றாலயம். சிலைகளை நின்று பார்க்கலாம். பித்தளைத் தகடுகள் தரையில் பதித்திருக்கும், மேலே கம்பளம் விரித்திருப்பார்கள். கேட்டுவிட்டு விலக்கிப் பாருங்கள். டார்ச் விளக்கு, குறிப்பேடு, பென்சில் போதும். பேனா வேண்டாம், மை சிந்தினால் போகாது. விளக்கை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. தரையோடு தரையாகப் பக்கவாட்டில் பிடியுங்கள். தேய்ந்துபோன கீறல்கள்கூட நிழல் கட்டி எழுந்து நிற்கும். நம் ஊர்க் கோயில் கல்வெட்டுக்குச் செய்யும் அதே வித்தைதான்.

படி 2: பத்தடி தள்ளி நின்று, எந்த நிலையில் இருக்கிறார் என்று பாருங்கள்

டியூடர் காலத் தொடக்கத்தில் மல்லாந்து படுத்த சிலையும், நின்ற கோலத்தில் செதுக்கிய பித்தளைத் தகடும்தான் வழக்கம். இரண்டிலும் கைகள் கூப்பியிருக்கும். முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் மண்டியிட்டுப் பிரார்த்திக்கும் உருவங்கள் பெருகின. உட்கார்ந்த நிலை மிகவும் அபூர்வம். அபேயில் உட்கார்ந்த கோலத்தில் வைத்த முதல் சிலை என்று எலிசபெத் ரஸ்ஸலின் சிலையைத்தான் சொல்கிறார்கள். வழக்கத்தை மீறிய ஒன்றைக் கண்டால் அங்கே யாரோ ஒருவர் யோசித்துச் செய்திருக்கிறார் என்று பொருள். அந்த யாரோ யார் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், எழுத்தைப் படிக்கும்போது தேடலாம்.

முகத்தில் அதிகம் மெனக்கெட வேண்டாம். பித்தளைத் தகடுகள் பட்டறையில் அச்சுமாதிரி செய்தவை; ஒரே முகம் மூன்று ஊர்களில் இருக்கும். இறந்தவரின் ஜாடை அதில் இல்லை.

படி 3: தலைமுடியும் தலையணியும்

இதுதான் இளம்பெண்களின் சின்னங்களில் முக்கியமான துப்பு. முடி விரித்துத் தோளுக்குக் கீழே தொங்கினால், அது மணமாகாத பெண் என்பதற்கான அடையாளம். மணமான பெண் முடியை மூடியிருப்பார். நமக்கு இது தலைகீழாகத் தோன்றும், விரிந்த கூந்தலை நாம் துக்கத்தோடு சேர்த்துப் பார்ப்பவர்கள். அந்தப் பழக்கத்தை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும்.

மூடிய தலையென்றால் எப்படி மூடியிருக்கிறது என்று பாருங்கள். ஏழாம், எட்டாம் ஹென்றி காலத்தில் வீட்டுக்கூரை போல உச்சியில் கூர்மையாக மடிந்த தலையணி, இருபுறமும் பட்டைகள் தொங்கும். அப்புறம் அது ஒதுங்கி, தலையின் பின்பக்கம் வளைவாக அமரும் பிரெஞ்சுத் தலையணி வந்தது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாகக் கஞ்சி போட்ட ‘ரஃப்’ காலர். ஆண்டு அழிந்துபோன தகடுகளுக்கும் இதை வைத்து ஏறக்குறைய காலம் சொல்லிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. கணவன் பல ஆண்டுகள் கழித்து இறந்தபோது இருவருக்கும் சேர்த்துத் தகடு வைத்திருந்தால், மனைவியின் உடை அவர் வாழ்ந்த காலத்து உடையாக இருக்காது, தகடு செய்த காலத்து உடையாக இருக்கும்.

படி 4: கைகளில் என்ன, காலடியில் என்ன

நார்ஃபோக்கில் பிளிக்லிங் என்ற ஊர். அங்கே தேவாலயத் தரையில் 1512ஆம் ஆண்டின் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. மெல்டன் கான்ஸ்டபிள் என்ற ஊரைச் சேர்ந்த தாமஸ் ஆஸ்ட்லியின் மனைவி ஆன் வுட். இவர் கைகளைக் கூப்பவில்லை. கைக்கு ஒன்றாக, துணியில் இறுகச் சுற்றிய இரண்டு பச்சைக் குழந்தைகளை ஏந்தியிருக்கிறார். கீழே லத்தீனில் எழுதியிருப்பது: புனித அகபிட்டஸ் திருநாளில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் பெற்றார், பிள்ளைப்பேற்றின் ஆபத்துக்குப் பின் திடீரென்று ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார்.

நான் பார்த்த தகடுகளில் மறக்க முடியாதது இதுதான். ‘பெற்றார்’ என்பதற்கு ‘பெபெரிட்’ என்ற ஒரே சொல், உடனே ‘ஆண், பெண்’, உடனே ‘திடீரென்று’. பிரசவ அறையில் இருந்த பெண்களில் ஒருவர் சொன்னதை எழுத்தர் அப்படியே லத்தீனாக்கினாரோ என்று எனக்குத் தோன்றும். சுற்றிலும் உள்ளவை எல்லாம் வாய்பாடு. இது நடந்தது.

பிள்ளைகளின் உருவங்களைக் கவனமாகப் பாருங்கள். பெற்றோரின் காலடியில் வரிசையாக மண்டியிட்டிருக்கும் பிள்ளைகளில் யாராவது கையில் மண்டையோடு பிடித்திருந்தால், சின்னம் வைக்கும்போதே அந்தப் பிள்ளை இறந்துவிட்டது என்று பொருள். நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இது வழக்கமானது.

காலடியில் நாய்க்குட்டி இருந்தால் பெரும்பாலும் அலங்காரம்தான். விசுவாசம், அது இது என்று விளக்கம் சொல்வார்கள், நம்பியே ஆக வேண்டும் என்றில்லை.

படி 5: கேடயங்கள்

நினைவுச்சின்னத்தில் செதுக்கிய கேடயங்களில் குடும்பத்தின் குலச்சின்னம் இருக்கும். குலச்சின்னக் கலை தனிக் கடல். மூன்று விஷயம் தெரிந்தால் போதும்.

கேடயத்தின் வலம் இடம் என்பது அதைப் பிடித்திருப்பவரின் வலம் இடம். பார்க்கும் நமக்கு அது மாறும். மணமான பெண்ணென்றால் ஒரே கேடயத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, நம் இடப்பக்கம் கணவன் வீட்டுச் சின்னமும் நம் வலப்பக்கம் பிறந்த வீட்டுச் சின்னமும் இருக்கும். மணமாகாத பெண்ணுக்குக் கேடயத்துக்குப் பதிலாகச் சாய்சதுரம், அதில் அப்பா வீட்டுச் சின்னம் மட்டும். எழுத்து முழுவதும் தேய்ந்துபோன நினைவுச்சின்னத்திலும் இந்த ஒரு சாய்சதுரத்தை வைத்தே இன்னார் மகள் என்று பிடித்துவிட முடியும்.

படி 6: எழுத்தைப் படித்தல்

இங்கேதான் நேரம் செலவாகும். அவசரப்பட வேண்டாம்.

நூற்றாண்டின் முற்பகுதித் தகடுகள் ‘பிளாக்லெட்டர்’ எனப்படும் கோண எழுத்தில் இருக்கும். அதில் ஐ, எம், என், யூ எல்லாம் ஒரே மாதிரி செங்குத்துக் கோடுகள். ஐந்து கோடு அடுத்தடுத்து நின்றால் ‘எம்’மும் ‘யூ’வுமா, ‘என்’னும் ‘எம்’மும்தானா என்று எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். போதாததற்குச் சுருக்கெழுத்து. எழுத்தின் மேல் ஒரு கோடு இருந்தால் அங்கே எழுத்து விடுபட்டிருக்கிறது, பெரும்பாலும் எம் அல்லது என். ‘டிஎன்ஐ’ என்று மூன்றெழுத்து, மேலே ஒரு கோடு இருந்தால் அது ‘டோமினி’, அதாவது ஆண்டவரின். புள்ளி இல்லாத ஓலைச்சுவடி படித்தவர்களுக்கு இந்தத் தலைவலி பழகியதுதான்.

சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ‘ஹிக் யாசெட்’ என்றால் இங்கே கிடக்கிறார். ‘ஃபிலியா’ மகள், ‘உக்சோர்’ மனைவி, ‘ரெலிக்டா’ கைம்பெண், ‘ஓபியிட்’ இறந்தார். அப்பா அல்லது கணவன் பெயருக்குப் பின்னால் ‘மிலெஸ்’ என்றிருந்தால் நைட் பட்டம் பெற்றவர், ‘ஆர்மிகர்’ என்றால் அதற்கு அடுத்த படி, ‘ஜெனெரோசுஸ்’ என்றால் ஜென்டில்மேன். பெண்ணின் அந்தஸ்தைப் பெரும்பாலும் இப்படி ஆண்களின் பெயருக்குப் பின்னால்தான் தேட வேண்டியிருக்கிறது.

இப்போது முதல் வரியையும் கடைசி வரியையும் உற்றுப் பாருங்கள். சுத்தியலால் அடித்தோ சுரண்டியோ அழித்திருக்கிறதா? பழைய கத்தோலிக்க வழக்கப்படி தொடக்கத்தில் ‘ஓராட்டே ப்ரோ அனிமா’, இன்னாரின் ஆன்மாவுக்காக மன்றாடுங்கள் என்று இருக்கும். உத்தரிக்கிற ஸ்தலத்தில் வாடும் ஆன்மாவுக்கு உயிரோடிருப்பவர்களின் ஜெபம் உதவும் என்பது நம்பிக்கை. எட்டாம் ஹென்றிக்குப் பின் 1547இல் ஆறாம் எட்வர்ட் வந்ததும் அந்த நம்பிக்கையே தவறு என்றானது. பல ஊர்களில் பெயரை விட்டுவிட்டு அந்த வரியை மட்டும் கொத்தி எடுத்தார்கள். ஆட்கள் அளவுக்கு மீறிப்போய் கல்லறைகளையே உடைக்க ஆரம்பித்ததால், 1560இல் எலிசபெத் அரசி நினைவுச்சின்னங்களைச் சிதைக்கக் கூடாது என்று பிரகடனமே வெளியிட்டார். ஆக, அழிந்திருப்பதும் ஒரு வாசகம்தான். எந்தச் சொல் அழிந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மடங்கள் 1536 முதல் 1540 வரை கலைக்கப்பட்டபோது அங்கிருந்த பித்தளைத் தகடுகள் பழைய உலோகமாக விற்பனைக்கு வந்தன. அவற்றைத் திருப்பிப் போட்டுப் பின்புறத்தில் புதியவருக்குச் செதுக்கினார்கள். எனவே நீங்கள் பார்க்கும் இளம்பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஒரு துறவியின் பாதி முகம் இருக்கலாம். தகட்டைக் கழற்றிப் பழுதுபார்க்கும்போதுதான் தெரியவரும்; நீங்களாக எதையும் நெம்பிப் பார்க்க வேண்டாம், தயவுசெய்து.

கடைசியாக, யார் வைத்தது? ‘போசுயிட்’, அதாவது நிறுவினார் என்ற சொல்லைத் தேடுங்கள். எலிசபெத் ரஸ்ஸலின் பீடத்தில் அது இருக்கிறது. வைத்தவர் அவருடைய தங்கை ஆன்.

படி 7: ஆண்டும் வயதும்

கல்லில் இருக்கும் ஆண்டை அப்படியே எழுதிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். இரண்டு பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு மாறியது ஜனவரி 1இல் அல்ல, மார்ச் 25இல். பிஷம் தேவாலயத்தில் கல்லறை கொண்ட ஹோபி குடும்பத்தின் இரண்டு சிறுமிகள், எலிசபெத் ரஸ்ஸலின் தாய் முதல் கணவருக்குப் பெற்றவர்கள், சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். நம் கணக்கில் அது 1571 பிப்ரவரி. அவர்கள் கணக்கில் 1570 இன்னும் முடியவில்லை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரையிலான எந்தத் தேதியையும் ‘1570/71’ என்று இரண்டாக எழுதிவைப்பது பாதுகாப்பு. இந்த வழக்கம் 1752இல்தான் மாறியது. அதனால் சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் 1680இல் கட்டிய புனித மேரி தேவாலயத்தைச் சுற்றியுள்ள பழைய கம்பெனிக் கல்லறைக் கற்களைப் படிக்கும்போதும் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

சில நேரம் ஆண்டெண்ணே இருக்காது, ஆட்சியாண்டு இருக்கும். எட்டாம் ஹென்றி ஆட்சிக்கு வந்தது 1509 ஏப்ரல் 22. அவருடைய நான்காம் ஆட்சியாண்டு என்றால் 1512 ஏப்ரல் 22 முதல் 1513 ஏப்ரல் 21 வரை. எலிசபெத் அரசிக்கு 1558 நவம்பர் 17 முதல் எண்ணுங்கள். திருநாள் பெயர் இருந்தால் புனிதர்களின் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். ஆன் வுட் இரட்டையரைப் பெற்ற அகபிட்டஸ் திருநாள் ஆகஸ்ட் 18.

இரண்டாவது பொறி வயது. ‘ஏட்டாட்டிஸ் சுவே 23’ என்று இருந்தால் 23 வயது முடிந்தவர் என்று எழுதிவிடுவார்கள். அது ‘23ஆம் வயதில்’. நாம் ‘22 முடிந்து 23 நடக்கிறது’ என்போமே, அதேதான். பிறந்த ஆண்டைக் கழித்துப் பார்க்கும்போது ஒன்று இடிக்கும், இதுதான் காரணம்.

படி 8: தேவாலயத்துக்கு வெளியே

ஒவ்வொரு பங்கும், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவிட்டார். ஆனால் பல ஊர்ப் பதிவேடுகள் 1558இல்தான் தொடங்குகின்றன. தாளில் எழுதியிருந்த பழைய ஏடுகளைத் தோலேட்டில் படியெடுக்க 1598இல் உத்தரவு வந்தபோது, ‘குறிப்பாக இப்போதைய அரசியின் ஆட்சி தொடங்கியது முதல்’ என்று ஒரு வரி இருந்தது. எழுத்தர்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு அதற்கு முன்னுள்ள இருபது ஆண்டுகளை விட்டுவிட்டார்கள். யார்தான் வேலையைக் கூட்டிக்கொள்வார்கள்!

உயில்களைத் தேடும்போது அந்தப் பெண்ணின் பெயரில் தேடிப் பயனில்லாமல் போகலாம். மணமான பெண் கணவன் ஒப்புதலின்றி உயில் எழுத முடியாது. அப்பா, கணவன், தாத்தா, விதவையான அத்தை இவர்களின் உயில்களைப் பாருங்கள். கான்டர்பரி பேராயத்து நீதிமன்றத்தில் பதிவான உயில்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் தேடலாம்.

பெயர் பொருந்தினால் உடனே துள்ள வேண்டாம். அதே பிளிக்லிங் தேவாலயத்தில் ‘ஆன் போலின்’ என்ற பெயரில் ஒரு தகடு இருக்கிறது. எட்டாம் ஹென்றியின் மனைவியான, தலை வெட்டுண்ட அரசி என்று நினைத்து ஆட்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அது 1479இல், நான்கு வயதுகூட நிறையாமல் இறந்த குழந்தை. அரசிக்கு அத்தை முறை.

படி 9: இப்போது கதையைக் கேளுங்கள்

எலிசபெத் ரஸ்ஸல் 1575இல் அபே வளாகத்திலேயே பிறந்தவர். லண்டனில் கொள்ளைநோய் என்று அவருடைய தாய் அங்கே தங்கியிருந்தார். ஞானத்தாய் எலிசபெத் அரசி, ஞானத்தகப்பன் லெஸ்டர் பிரபு. அப்பா ஜான் ரஸ்ஸல் பிரபு 1584இல் இறந்தார், அவருடைய கல்லறையும் அதே சிற்றாலயத்தில் இருக்கிறது. தாய் எலிசபெத் குக் லத்தீனும் கிரேக்கமும் அறிந்தவர். கணவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கல்லறைக் கவிதைகளை மூன்று மொழிகளில் தானே எழுதியவர். மகள் வளர்ந்து அரசியின் தோழிப்பெண்களில் ஒருவரானார். 1600 ஜூனில் தங்கை ஆனுக்கு லண்டன் பிளாக்ஃபிரையர்ஸில் திருமணம், அரசியே வந்திருந்தார். அன்று நடனமாடிய எட்டுப் பெண்களில் எலிசபெத்தும் ஒருவர். அதற்குப் பின் அவர் நெடுநாள் இல்லை. காசநோய் என்கிறார்கள்.

கல்யாணத்தில் ஆடிய அக்காவுக்கு மணப்பெண்ணான தங்கை வைத்த சிலை அது. பீடத்து எழுத்தில் தங்கை தன்னைத் துயருற்றவள் என்று சொல்லிக்கொள்கிறார்.

அதில் இன்னொரு வாசகம், ‘டோர்மிட், நோன் மோர்டுவா எஸ்ட்’: உறங்குகிறாள், இறக்கவில்லை. தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு உடனே நினைவுக்கு வரும், மத்தேயு 9:24, ‘இந்தச் சிறுபெண் மரிக்கவில்லை, நித்திரையாயிருக்கிறாள்.’ யவீருவின் மகளைப் பார்த்து இயேசு சொன்னது. கேட்டவர்கள் நகைத்தார்கள், பெண் எழுந்தாள். அதனால்தான் சிலை மல்லாந்து படுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து தூங்குகிறது. யாராவது கூப்பிட்டால் எழுந்துவிடும் போல.

விரல்? அதன் நீட்சியைக் கண்ணால் தொடர்ந்து கீழே போனால் மண்டையோடு. மரணத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அந்த லத்தீன் படிக்கத் தெரியாத காலத்தில், நீட்டிய விரலுக்கு யாரோ ஊசியைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

படி 10: படியெடுத்தல்

பித்தளைத் தகடுகளை மட்டும் காகிதத்தில் உரசிப் படியெடுக்கலாம். பங்குக்குருவிடமோ சர்ச் வார்டனிடமோ முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், சிறு கட்டணம் இருக்கலாம். சில இடங்களில் பழைய தகட்டைத் தொடவிடாமல் பிரதித் தகடு வைத்திருப்பார்கள், அதிலும் நன்றாகவே வரும்.

மென்துணியால் தூசியைத் துடைத்த பிறகே காகிதத்தை விரியுங்கள். ஒரு மணல் பரல் இருந்தாலும் தகடு கீறிவிடும். சுவருக்கு ஒட்டும் உள்தாள் ரகம் நல்லது. தகட்டின் மேல் ஒட்டாமல் சுற்றியுள்ள கல்லில் டேப் ஒட்டுங்கள். அப்புறம் செருப்பு தைப்பவர்கள் குதிகால் விளிம்புக்குப் பூசும் கருமெழுகால் ஒரே திசையில் சீராகத் தேயுங்கள். சமதளம் கறுப்பாகும், செதுக்கிய கோடு வெள்ளையாக நிற்கும். முகத்தைக் கடைசியில் செய்யுங்கள், அதற்குள் கை பழகியிருக்கும். என் முதல் படியில் காகிதம் நழுவி அந்தப் பெண்ணுக்கு மூன்று கண்கள். அலபாஸ்டர் சிலையில் இதையெல்லாம் முயல வேண்டாம்; அது விரல்நகம் பட்டாலே கீறும் கல்.

படி 11: சாவி

கிராமத் தேவாலயம் பூட்டியிருந்தால் கதவில் ஒரு சீட்டு இருக்கும், எந்த வீட்டில் சாவி என்று. சாவி பெரும்பாலும் உள்ளங்கை நீளத்துக்கு இரும்பில் இருக்கும், கனமாகவும் இருக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒருமுறை நான் தகட்டின் நினைவிலேயே பேருந்து ஏறி, நாற்பது நிமிடம் கழித்துக் கோட்டுப் பையில் கைவிட்டால் சாவி. அடுத்த பேருந்து இரண்டு மணிநேரம் கழித்து. இருட்டிய பிறகு கதவைத் தட்டினேன். அந்த வீட்டு அம்மா சாவியை வாங்கிக்கொண்டு, ‘தேநீர் குடிக்கிறீர்களா, இல்லை இதையும் எடுத்துக்கொண்டு போகப் போகிறீர்களா’ என்று கேட்டார்.